ஐம்பதாயிரத்துப் பதினான்கு வாக்குகள்

2025 மே 3 தேர்தலில் மெல்பேர்ணில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கச்சி முதல் தடவையாக வாக்களித்தாள். அவள் இருப்பது வில்ஸ் தொகுதியில். அங்கே பசுமைக் கட்சி சார்பில் நின்றவர் சமந்தா ரத்னம். இலங்கையில் பிறந்து, 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு நாட்டை விட்டு வந்த தமிழர். விக்டோரியா மாநிலத்தில் ஏறத்தாழ ஆறரை வருடம் கட்சித் தலைவராக இருந்தவர். அந்த முறை சொற்ப வித்தியாசத்தில் தோற்றுப்போனார்.

முடிவு தெரிந்த பிறகு தங்கச்சி போன் எடுத்தாள். யாருக்குப் போட்டாள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. "அண்ணா, தோக்கப்போற ஆளுக்குப் போடுற வோட்டு வேஸ்ட்தானே?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. எனக்கு ஒரு இலக்கம் ஞாபகம் வந்தது. 50,014. அதன் கதையை உங்களில் பலருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது நடந்தபோது உங்களில் சிலர் பாலர் வகுப்பில் இருந்திருப்பீர்கள், சிலர் பிறந்திருக்கவே மாட்டீர்கள்.

2009 இல் நான் சிட்னியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஏப்ரலில் பிரதமரின் சிட்னி இல்லமான கிரிபில்லி ஹவுசுக்கு முன்னால் எங்கள் சனம் இரவிரவாக நின்றது. லண்டனில் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு எதிரே இருக்கும் சதுக்கத்தில் ஏப்ரல் 6 இல் தொடங்கிய போராட்டம் ஜூன் நடுப்பகுதி வரை போனது. ரொறன்ரோவில் நெடுஞ்சாலையில் இறங்கி உட்கார்ந்தார்கள். எல்லா நகரத்திலும் ஒரே கோரிக்கைதான்: போரை நிறுத்து. எந்த நகரத்திலும் அது நடக்கவில்லை. மே 18 இல் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்துபோனது.

அதற்குப் பதினேழாவது நாள், ஜூன் 4 வியாழக்கிழமை, லண்டனில் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கான தேர்தல் வந்தது.

முதலில் அந்தப் பாராளுமன்றம் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவுஸ்திரேலியாவில் வளர்ந்த நமக்கு அது ஒரு புகைமூட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லா நாடுகளும் சேர்ந்து உறுப்பினர்களைத் தெரிவுசெய்து அனுப்பும் சபை அது. 2009 இல் மொத்தம் 736 ஆசனங்கள், அதில் பிரித்தானியாவுக்கு 72. லண்டன் முழுவதும் ஒரே தொகுதி, எட்டு ஆசனங்கள். கட்சிகள் பட்டியல் கொடுக்கும், வாக்காளர் ஒரு கட்சிக்கு ஒரு புள்ளடி போடுவார். கட்சி இல்லாமல் தனியாளாகவும் நிற்கலாம். அப்படி நின்றால் அவருடைய "பட்டியலில்" ஒரே ஒரு பெயர்.

அந்தத் தேர்தலில் லண்டனில் ஐந்து சுயேச்சைகள் நின்றார்கள். அவர்களில் ஒருவர் நிதித்துறையில் வேலை பார்த்த ஒரு தமிழ்ப் பெண், ஜனனி ஜனநாயகம். ஆங்கிலத்தில் ஜான் ஜனநாயகம் என்று அறியப்பட்டவர். பெயரை ஒரு தடவை நிறுத்தி வாசியுங்கள். வாக்குச்சீட்டில் 'ஜனநாயகம்' என்றே ஒரு பெயர்! வெள்ளைக்காரருக்கு அது வாய்க்குள் நுழையாத நீண்ட சொல். தமிழ் தெரிந்தவருக்கு மட்டும் விளங்கும் தற்செயல்.

அவர் வேட்புமனு கொடுத்தபோது போர் முடிந்திருக்கவில்லை. மக்கள் வாக்களித்தபோது முடிந்திருந்தது. போரை நிறுத்தும்படி கேட்கத்தான் நின்றார் என்றால், வாக்களிப்பு நாளன்று கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆனால் அவருடைய நிகழ்ச்சிநிரலில் இனப்படுகொலைக்கு எதிரான குரலோடு குடியுரிமைச் சுதந்திரங்கள், நிதித்துறையில் வெளிப்படைத்தன்மை, சூழல், பெண்கள் உரிமை எல்லாம் இருந்தன. பாடகி எம்.ஐ.ஏ. வெளிப்படையாக ஆதரவு கொடுத்தார். (ஆம், உங்கள் பிளேலிஸ்டில் இருக்கும் அதே எம்.ஐ.ஏ.தான்.)

லண்டனில் என் மாமி ஒருவர் இருக்கிறார். அப்போது அவருக்குப் பிரித்தானியக் கடவுச்சீட்டுக் கிடைக்கவில்லை, இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். ஆனாலும் அவரால் வாக்களிக்க முடிந்தது. பிரித்தானியாவில் வதிவிட அனுமதியோடு இருக்கும் பொதுநலவாய நாட்டவர் வாக்காளர் பட்டியலில் பதியலாம், இலங்கை ஒரு பொதுநலவாய நாடு. இங்கே அப்படி இல்லை. அவுஸ்திரேலியாவில் குடியுரிமை இல்லாமல் வாக்களிக்க முடிவது 1984 ஜனவரி 26 க்கு முன்பே பதிந்திருந்த பிரித்தானியப் பிரஜைகளுக்கு மட்டும். எந்த நாட்டு அரசின் குண்டுக்குப் பயந்து ஓடினாரோ, அந்த நாட்டுக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டே மாமி ஐரோப்பாவின் சபைக்கு வாக்களித்தார். மழைக்கோட்டோடு, சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு போனதாகச் சொல்வார்.

ஜூன் 7 ஞாயிறு இரவு எண்ணினார்கள். ஜனனி ஜனநாயகத்துக்கு 50,014 வாக்குகள். ஏறத்தாழ 2.9 வீதம். மற்ற நான்கு சுயேச்சைகளும் சேர்ந்து எடுத்தது 12,000 க்கும் குறைவு. பட்டியலும் அமைப்பும் வைத்திருந்த கிறிஸ்தவக் கட்சிக்கு அவரைவிடச் சுமார் 1,300 வாக்குகள்தான் கூட. இங்கிலீஷ் ஜனநாயகக் கட்சிக்கு அவர் எடுத்ததில் பாதிகூட இல்லை.

இன்னொன்று. அந்தத் தேர்தலில் நிற்கக் கட்டுப்பணம் 5,000 பவுண்ஸ். 2.5 வீதத்துக்குக் கீழே போனால் காசு போய்விடும். அவருக்கு அது திரும்பிக் கிடைத்தது. சிட்னியில் எங்கள் வீட்டில் அப்பா இதைக் கேட்டுவிட்டு, "கட்டுக்காசாவது மிஞ்சிச்சு" என்றார். பிறகு ஒன்றும் பேசவில்லை. அந்த மாதங்களில் அப்பா பொதுவாகவே ஒன்றும் பேசவில்லை.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். ஐம்பதாயிரம் பேர் ஒரு ஆசனமும் கிடைக்காத ஒருவருக்குப் போட்டார்கள். வீணா?

எனக்குக் கணக்குப் பிடிக்கும். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, ரயிலில், எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். பிரித்தானியா அந்தத் தேர்தலில் பாவித்த முறை டொண்ட் முறை. 1878 இல் விக்டர் டொண்ட் என்ற பெல்ஜிய சட்டத்தரணி எழுதிவைத்தது. ஏலம் போடுவதுபோல. முதல் ஆசனம் கூடிய வாக்கு எடுத்த கட்சிக்கு. ஒன்றை வென்றதும் அந்தக் கட்சியின் தொகையை இரண்டால் பிரிக்கவேண்டும், இரண்டாவதை வென்றதும் மொத்தத்தை மூன்றால். ஒவ்வொரு சுற்றிலும் யாருடைய இலக்கம் பெரிதோ அவருக்கு ஆசனம்.

லண்டனில் கன்சர்வேட்டிவ் 479,037, தொழிற்கட்சி 372,590, லிபரல் டெமோகிரட் 240,156, பசுமைக் கட்சி 190,589, யூகிப் 188,440. ஏலத்தை நடத்திப் பாருங்கள்: கன்சர்வேட்டிவுக்கு மூன்று, தொழிற்கட்சிக்கு இரண்டு, மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று. எட்டாவது, கடைசி ஆசனம் போன விலை 159,679. அதாவது கன்சர்வேட்டிவின் தொகை வகுத்தல் மூன்று. ஜனனி ஜனநாயகம் அதை எட்ட இன்னும் ஏறத்தாழ 1 இலட்சத்து 10 ஆயிரம் வாக்குகள் வேண்டும். எவ்வளவு பக்கம் திரும்பிப் பார்த்தாலும் அது நடக்கிற காரியமாக எனக்குத் தெரியவில்லை.

இதுவரை அப்பா சொன்னதுதான் சரி போலிருக்கிறது. பிறகு இன்னொரு கலத்தில் வேறொன்றைப் போட்டுப் பார்த்தேன். அந்த 50,014 பேரும் "புத்திசாலித்தனமாக", வெல்லக்கூடிய ஒரு கட்சிக்குப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? எல்லாரும் தொழிற்கட்சிக்கு என்று வையுங்கள்: 422,604, அதை மூன்றால் பிரித்தால் 140,868. கடைசி ஆசனத்துக்குப் போதாது. லிபரல் டெமோகிரட்டுக்கு என்றால் இரண்டாவது ஆசனத்துக்கான இலக்கம் 145,085. போதாது. பசுமைக் கட்சிக்கு என்றால் 120,301. யூகிப்புக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. கன்சர்வேட்டிவுக்குக் கொடுத்தாலும் நாலாவது ஆசனம் வராது.

எந்தப் பெரிய கட்சிக்குப் போட்டிருந்தாலும் அதே எட்டுப் பேர்தான் பிரசெல்சுக்குப் போயிருப்பார்கள். ஒரே ஒரு வித்தியாசம்: நாலரை இலட்சத்துக்குள் ஐம்பதாயிரம் கரைந்து, யாருக்கும் தெரியாமல் போயிருக்கும். தனியே நின்றதால் அது ஒரு வரியில் தனியாக எழுதப்பட்டது. 2009 ஜூனில், உலகம் முழுக்க எங்கள் தொகையைப் பற்றி, இறந்தவர்களின் தொகையைப் பற்றிக்கூட, ஆளுக்கொரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒரு அரச அதிகாரி எண்ணிக் கையெழுத்துப் போட்ட எண் அது ஒன்றுதான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஆனால் இதோடு நிறுத்தினால் உங்களுக்குப் பாதிக் கதைதான் சொல்கிறேன். அந்த எட்டுப் பேரில் ஒருவரைப் பற்றிப் பேசவேண்டும்.

ஜீன் லாம்பேர்ட். 1950 இல் பிறந்தவர், கிழக்கு லண்டன் பக்கம் வோல்தம் ஃபொரஸ்ட்டில் நீண்டகாலம் பாடசாலை ஆசிரியை. எழுபதுகளின் கடைசியில், பசுமைக் கட்சிக்கு வேறு பெயர் இருந்த காலத்திலேயே சேர்ந்தவர். அந்தக் கட்சிக்கு வாக்கு வீணாவது என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1989 ஐரோப்பியத் தேர்தலில் பிரித்தானியாவில் அவர்கள் ஏறத்தாழ 23 இலட்சம் வாக்குகள், 15 வீதம் எடுத்தார்கள். கிடைத்த ஆசனம்? பூச்சியம். அப்போது தொகுதிக்கு ஒருவர் என்ற பழைய முறை. 1999 இல் முறை விகிதாசாரமாக மாறியது, அந்த வருடமே பசுமைக் கட்சியின் இருவர் உள்ளே போனார்கள். ஒருவர் கரோலின் லூக்கஸ், மற்றவர் ஜீன் லாம்பேர்ட். லாம்பேர்ட் அங்கே 2019 வரை, இருபது வருடம் இருந்தார்.

2009 தேர்தலுக்குப் பிறகு அவர் ஒரு கதிரையில் உட்கார்ந்தார். தெற்காசிய நாடுகளுடனான உறவுக்கான பாராளுமன்றக் குழுவின் தலைவர். இலங்கை அந்தக் குழுவுக்குள் வருகிறது. அவருக்கு முன் அதே கதிரையில் இருந்தவரும் லண்டன்காரர்தான், தொழிற்கட்சியின் ரொபர்ட் எவன்ஸ். 1994 முதல் 2009 வரை ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் இருந்தவர். 2003 இல் தமிழர் நிறைய வாழும் பிரென்ட் பகுதியில், பிரென்ட் ஈஸ்ட் இடைத்தேர்தலில், வெஸ்ட்மின்ஸ்டருக்கும் போட்டியிட்டுத் தோற்றவர். ஆக, போர் உச்சத்துக்குப் போன வருடங்களிலும், அதற்குப் பிந்திய பத்து வருடங்களிலும், ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் இலங்கை விஷயம் பேசும் மேசையின் தலைமாட்டில் இருந்தவர்கள் லண்டன் வாக்காளர்கள் அனுப்பிய இருவர். அந்த மேசையைச் சுற்றி வேறு பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். கொழும்பில் பிறந்து, 1992 இல் கன்சர்வேட்டிவ் கட்சியில் வெஸ்ட்மின்ஸ்டருக்குப் போய், 1999 முதல் 2019 வரை தென்கிழக்கு இங்கிலாந்தின் ஐரோப்பிய உறுப்பினராக இருந்த நிரஞ்சன் தேவா ஆதித்ய அவர்களில் ஒருவர். சிங்களவர். இலங்கையில் பிறந்தவர்களில் அந்தச் சபையின் உள்ளே நுழைந்தவர் அவர். ஜனனி ஜனநாயகம் வாசலோடு நின்றார்.

இந்தக் குழுக்களுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். சந்திக்கும், பயணம் போகும், கேள்வி கேட்கும், அறிக்கை எழுதும். சலிப்பான வேலை. ஆனால் ஐரோப்பாவின் கையில் இலங்கையை உண்மையில் அசைத்த கருவி ஒன்று இருந்தது. அது கொடி பிடித்து நின்ற எங்கள் யாருக்கும் வாயில் வராத ஒரு பெயர்: ஜி.எஸ்.பி. பிளஸ்.

விஷயம் இவ்வளவுதான். வறிய, நடுத்தர நாடுகள் சில, மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சூழல் பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடித்தால், ஆயிரக்கணக்கான பொருட்களைத் தீர்வை இல்லாமல் ஐரோப்பாவுக்கு விற்கலாம். இலங்கைக்கு 2005 இல் அது கிடைத்தது. இலங்கைக்கு முக்கியமான பொருள் தைத்த ஆடை. 2008 ஒக்டோபரில் ஐரோப்பிய ஆணைக்குழு விசாரணை தொடங்கியது, ஒரு வருடம் கழித்து அறிக்கை வந்தது. குடியியல், அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடை, சிறுவர் உரிமை ஆகிய மூன்று உடன்படிக்கைகளை இலங்கை சரியாக நடைமுறைப்படுத்தவில்லை என்று அது சொன்னது. 2010 ஓகஸ்ட் 15 இல் சலுகை நிறுத்தப்பட்டது. போர் முடிந்த பிறகு கொழும்பு அரசுக்குக் காசில் விழுந்த அடி அது.

அந்த நாளில் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதாக ஞாபகம் இல்லை. நானும் கவனிக்கவில்லை. நான் ஒன்றரை வருடம் முன்பு தெருவில் கத்தியவன். ஆனால் அந்தக் கத்தல் எந்த அறையின் கதவைத் தட்டவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சில அமைப்புகள் பிரசெல்சுக்குப் போய்ப் பேசத்தான் செய்தன. ஆனால் ஒரு மாதத்தில் ஐம்பதாயிரம் பேரை வாக்குச்சாவடிக்கு அனுப்பிய சமூகம், அடுத்த பத்து வருடத்துக்கு ஒரு குழுத் தலைவருக்குக் கடிதம் எழுதும் ஐம்பது பேரையாவது வைத்திருந்ததா? எனக்குச் சந்தேகம். எங்களுக்கு ஒரு நாள் கூடத் தெரியும். ஒவ்வொரு மாதமும் கூடத் தெரியாது. இது என்னையும் சேர்த்துச் சொல்வது.

சலுகையை நிறுத்தியது முழுவதும் நல்லது என்றும் நான் சொல்லமாட்டேன். அடி விழுந்தது அமைச்சர்களில் இல்லை. கட்டுநாயக்காவில் பலகை அறையில் நாலுபேர் சேர்ந்து வாடகைக்கு இருந்து தையல் மெசினில் குனிந்திருந்த பெண்களுக்குத்தான் முதலில் பயம் வந்தது. பிறகு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. போரில் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போனார்கள். அதனால் 2016 இல் இலங்கை மறுபடி விண்ணப்பித்தபோது, வேண்டாம் என்று சொல்வது 2010 இல் இருந்ததைவிடக் கஷ்டமான காரியமாகிவிட்டது. 2017 ஏப்ரல் 27 இல் ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் சலுகையைத் தடுக்கும் தீர்மானம் வந்தது. 119 பேர் ஆதரவு, 436 பேர் எதிர்ப்பு. சலுகை திரும்பக் கிடைத்த திகதி 2017 மே 19. முள்ளிவாய்க்கால் நினைவுநாளுக்கு மறுநாள்.

இன்றைய பிள்ளைகள் வேறு வழியில் போகிறார்கள், அதையும் சொல்லவேண்டும். கனடாவில் 2011 இல் ராதிகா சிற்சபைஈசன் புதிய ஜனநாயகக் கட்சியில் நின்று வென்றார். 2022 இல் மெல்பேர்ணின் ஹிகின்ஸ் தொகுதியில் தொழிற்கட்சி சார்பில் வென்ற வைத்தியர் மிஷேல் ஆனந்தராஜா, இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். அவருடைய தொகுதியே எல்லை மாற்றத்தில் இல்லாமல் போய், இப்போது செனட்டர். 2024 இல் லண்டனில் ஸ்ட்ராட்ஃபோர்ட் தொகுதியில் உமா குமரன் வென்றார், அவரும் தொழிற்கட்சி. எல்லாரும் கட்சிக்குள் நுழைந்து வந்தவர்கள். கட்சிக்குள் போனால் கட்சி சொல்வதற்குக் கை உயர்த்தவேண்டி வரும். சில நாட்களில் அது எங்களுக்குப் பிடிக்காது. தனியே நின்றால் யாருக்கும் கை உயர்த்தத் தேவையில்லை, உயர்த்த ஆசனமும் இருக்காது. நான் இருந்தால் கட்சிக்குள்தான் போவேன் என்று நினைக்கிறேன். ஆனால் 2009 ஜூனில் லண்டனில் எந்தக் கட்சிக்குள் போயிருப்பேன் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

2020 ஜனவரி 31 இல் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. பிரித்தானிய உறுப்பினர்கள் எல்லாரும் பெட்டி கட்டினார்கள். 2021 ஜூன் 10 இல் ஐரோப்பியப் பாராளுமன்றம் இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கச் சொல்லியும், ஜி.எஸ்.பி. பிளஸ்சை மறுபடி நிறுத்துவது பற்றி ஆராயச் சொல்லியும் பெரும்பான்மையாக ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. எங்கள் சனம் பல வருடமாகக் கேட்ட வார்த்தைகள். அந்த வாக்கெடுப்பில் லண்டனில் இருந்து ஒருவர்கூட இல்லை.

இதையெல்லாம் எழுதி, எக்செல் கோப்பையும் சேர்த்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். அவுஸ்திரேலியாவில் நாம் இலக்கமிட்டு வாக்களிப்பதால், அவள் முதலாவதாகப் போட்டவர் கழிந்துபோனாலும் வாக்கு அடுத்தவருக்குப் போகும், லண்டனில் ஒரே புள்ளடியோடு நின்றுவிடும் என்று கீழே ஒரு குறிப்பும் போட்டேன். அதை அவள் வாசித்தாளோ தெரியாது. இரண்டு நாள் கழித்து ஒரு வரிதான் பதில் வந்தது: "அந்த ஜீன் லாம்பேர்ட்டுக்கு மாமி எப்பவாவது எழுதினவவா?"

லண்டனுக்குப் போன் எடுத்து மாமியிடம் கேட்டேன். ஜனனி ஜனநாயகத்துக்கு வாக்குப் போட்ட நாளை, மழையை, சித்தப்பா போட்டிருந்த தொப்பியை எல்லாம் மாமி நேற்று நடந்ததுபோலச் சொன்னார். நான் மற்றப் பெயரையும் சொன்னேன்.

"ஆரது?" என்றார் மாமி.